துளையில்லாத பெட்டி

பெட்டி வெடித்துவிட்டது என்று நாத்தனார் தொலைபேசியில் சொன்னபோது பெட்டியக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. டயர் வெடிக்கும், பாய்லர் வெடிக்கும். தகரப் பெட்டி எப்படி வெடிக்கும்?

"அண்ணி, விளையாடல. பல் டாக்டரை இப்பத்தான் உள்ளே கொண்டு போனாங்க. முகமெல்லாம் ஈரத்துணி சுத்தியிருக்கு. கூட வந்தவங்க பேட்டரிப் பெட்டி, பேட்டரிப் பெட்டின்னே சொல்றாங்க. அது நீங்க செஞ்சு குடுத்ததுதானே?"

நாத்தனாருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. எவ்வளவு மோசமான செய்தியையும் குரல் ஏறாமல் சொல்லிப் பழகியவள். அந்தக் குரல் அன்று ஏறி இறங்கியது. பெட்டியக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைப் பிடித்தபடியே பட்டறை நடுவில் நின்றாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வயதில் இரும்பு பீரோ செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். முதல் இரண்டு வருடம் பீரோவுக்குப் பெயின்ட் அடித்தாள். அப்புறம் தகடு மடிக்கும் இயந்திரத்துக்கு மாறினாள். அந்த இயந்திரத்தில் பெண்கள் யாரும் அதுவரை நின்றதில்லை. மேஸ்திரி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் மடித்த கதவு சட்டத்தில் காகிதம்கூட நுழையாமல் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார். தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டபோது, யாருமே வாங்க வராத அந்தப் பழைய மடிப்பு இயந்திரத்தை அவள் ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வீட்டின் முன்பக்கம் பட்டறையானது. தபால் பெட்டி, மீட்டர் பெட்டி, கருவிப் பெட்டி என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுத்தாள். பெயரும் அதிலிருந்தே வந்தது. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கணவர் வண்டிகளுக்கு சீட் தைப்பவர். ஊரார் அவரைச் சீட்டுக்காரர் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டு, இவர் நாள் முழுக்கச் சீட்டாடுகிறவர் போல என்று நினைத்துக்கொண்டு பெட்டியக்காவை இரக்கத்தோடு பார்ப்பதுண்டு. அவர் அதைத் திருத்தியதே இல்லை. "ஆமாங்க, இன்னைக்கு ரெண்டு ஆட்டம் போயிடுச்சு" என்று வேறு சொல்லி வைப்பார்.

பல் டாக்டர் அவர்கள் வாழ்க்கையில் நுழைந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. வாரத்தில் ஐந்து நாள் பல் பிடுங்குவார். மிச்ச இரண்டு நாளும் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் பழைய ராணுவ லாரிக்கு அடியில் படுத்திருப்பார். யுத்த காலத்து வண்டி. அதன் ஒவ்வோர் ஆணியும் அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் அவருக்கு. ஒருநாள் சாக்கில் சுற்றிய ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பெட்டியக்கா, இதே மாதிரி ஒண்ணு வேணும். அச்சு அசலா இதே மாதிரி."

லாரியின் பக்கவாட்டில், டிரைவர் கதவுக்குக் கீழே தொங்கும் பேட்டரிப் பெட்டி அது. உள்ளே இரண்டு பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். மூடியின் மேல் கால் வைத்துத்தான் ஆட்கள் வண்டியில் ஏறுவார்கள். அதனால் வழுக்காமல் இருக்க மூடி முழுக்க எழும்பிய வரிகள். அடித்தட்டைக் காணவே காணோம், அமிலம் தின்றுவிட்டிருந்தது. கீல் இற்றுப்போய்க் கையோடு வந்தது. மூடி ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு நெளிந்திருந்தது. பின்பக்கத் தகடு மட்டும் பச்சைப் பெயின்டோடு முழுசாக இருந்தது.

"பெயின்டை மட்டும் சுரண்டிடாதீங்க" என்றார் டாக்டர். "அது அசல் பெயின்ட். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் முழு வண்டிக்கும் கலக்கணும்."

அவள் சுரண்டவில்லை. கண்ணும் கருத்துமாக அளந்தாள். மூடியின் வரிகளை எழுப்பக் கெட்டி மரத்தில் ஆணும் பெண்ணுமாய் இரண்டு அச்சு செதுக்கி, நடுவில் தகட்டை வைத்து லாரி ஜாக்கியால் அழுத்தினாள். முதல் நான்கு தகடு கிழிந்தது. ஐந்தாவதில் வரிகள் எழும்பி வந்தன. கீலைத் தானே சுருட்டினாள். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் சட்டம், அதன் நீளத் திருகுகள், கொக்கி, அடியில் மரச்சட்டம், எல்லாம் அவள் கை வேலை. மூடியின் விளிம்புக்கும் வயர் நுழையும் வாய்க்கும் சீட்டுக்காரர் ரப்பர் வெட்டி ஒட்டினார். மூடியை இறக்கிக் கொக்கியை மாட்டினால் 'தப்' என்று ஒரு மெத்தென்ற சத்தம். அவ்வளவு பொருத்தம்.

"இவ்வளவு இறுக்கமா இருக்கே, உள்ளே புழுக்கமா இருக்காது?" என்றார் சீட்டுக்காரர்.

"ஏன், பேட்டரி உள்ளே படுத்துத் தூங்கவா போகுது?" என்றாள் அவள்.

இருவரும் சிரித்தார்கள். பேட்டரியிலிருந்து ஏதோ காற்று வரும் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள்தான். ஆனால் மாதிரியில் காற்றுப் போக வழி எதுவும் இல்லை. ராணுவத்துக்காரர்கள் யோசிக்காமலா செய்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். அடித்தட்டின் உள்பக்கம் ஒன்று என்று எண் அடித்து அனுப்பி வைத்தாள்.

டாக்டர் அந்தப் பெட்டியைப் பார்த்துக் குழந்தை மாதிரி குதித்தார். அவரைப் போலவே பழைய லாரிப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். அவர் சொல்லி ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள்: "டாக்டர் வண்டியில இருக்கிற அதே பெட்டி. ஒரு அங்குலம் மாறக் கூடாது." மாறவில்லை.

*

மூன்றாம் நாள் காலையில் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டாக்டர் வீட்டம்மா இறங்கினார். பள்ளியில் கணக்கு டீச்சர். உயரமான மனுஷி, நேராக நிற்பவர். காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு பொருளை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையில் போட்டார். பெட்டியின் மூடி அது. பாதி வரைக்கும் உள்ளிருந்து யாரோ குத்தியது மாதிரி புடைத்திருந்தது. விளிம்பில் ரப்பர் கருகித் தொங்கியது. ஒரு மூலையில் காய்ந்த ரத்தம்.

பெட்டியக்காவுக்கு அவரை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

"காலையில இருந்து வண்டியிலேயே சார்ஜ் போட்டிருந்தார்" என்றார் அந்த அம்மா. மாணவர்களுக்குக் கணக்கைப் படிப்படியாக விளக்குகிறவர் போலவே பேசினார். "தூறல் போட்டுச்சு. நனையக் கூடாதுன்னு மூடியைச் சாத்தியே வச்சிருந்தார். மத்தியானம் திறந்து, சார்ஜரை நிறுத்தாமலே கிளிப்பைப் பிடிச்சு இழுத்தார். ஒரு பொறி. நான் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினா மனுஷன் தரையில கிடக்கிறார். மூடி நெத்தியில அடிச்சிருக்கு. முகமெல்லாம் பேட்டரித் தண்ணி. தோட்டத்துக் குழாயைப் பிடுங்கி முகத்துல அடிச்சேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தல. அதனால ஒரு கண்ணு பிழைச்சுதுன்னு டாக்டருங்க சொல்றாங்க."

"இன்னொரு கண்ணு?"

அந்த அம்மா மூடியைக் காட்டினார். "இது நீங்க செஞ்சதுதானே?"

"ஆமாம்மா."

"பேட்டரியில சார்ஜ் ஏறும்போது எரியுற வாயு வரும். அது வெளியே போக வழி வேணும். நீங்க ஏன் வழி வைக்கல?"

"மாதிரியில இல்லம்மா."

"மாதிரியை எடுங்க."

பழைய பெட்டி இன்னும் மேல் அலமாரியில்தான் இருந்தது. சீட்டுக்காரர் ஏறி எடுத்துக் கொடுத்தார். மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள். பின்பக்கத் தகடு, பச்சைப் பெயின்ட், வழவழவென்று ஒரே பரப்பு. பெட்டியக்கா விரலால் தடவினாள். பிறகு, நான்கு வருடமாகச் செய்யாததை அன்று செய்தாள். பிளேடை எடுத்துப் பெயின்டைச் சுரண்டினாள்.

பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை. அதற்குக் கீழே கருஞ்சிவப்பு. அதற்குக் கீழே இரும்பு வரவில்லை. சாம்பல் நிறப் பட்டி, ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுவது போல. அது பொடிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாய் மின்னியது ஈயம்.

அவள் ஈயம் உருக்கும் சுடரடுப்பைப் பற்ற வைத்துத் தகட்டின் மேல் பிடித்தாள். ஈயம் மெல்ல வியர்த்து, உருண்டு, தரையில் சொட்டியது. அதே பெயின்டோடு உள்பக்கமாக ஒட்டியிருந்த மெல்லிய தகரப் பட்டை ஒன்று கழன்று விழுந்தது. மூடியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரிசையாகத் துளைகள். சுண்டுவிரல் போகும் அளவு. ஆறு.

எப்போதோ யாரோ ஒருவர், எதற்காகவோ, அவற்றை அடைத்திருந்தார். சேறு உள்ளே போகிறது என்று அடைத்திருக்கலாம், எலி போகிறது என்று அடைத்திருக்கலாம். அடைத்த பிறகும் அந்தப் பழைய பெட்டி வெடிக்காததற்குக் காரணம் இருந்தது. மூடி நெளிந்து, ரப்பர் உதிர்ந்து, எல்லா மூலையிலும் இடைவெளி விட்டுக் கிடந்தது அது. அவள்தான் காகிதம் நுழையாமல் செய்து கொடுத்தாள்.

"என் ரப்பர்" என்றார் சீட்டுக்காரர். "நான் ஒட்டின ரப்பர்தான். அது இல்லாட்டி காத்து எப்படியாவது போயிருக்கும்."

"நீங்க கேட்டீங்களே, புழுக்கமா இருக்காதான்னு. நான்தான் சிரிச்சேன்."

"நானும்தான் சிரிச்சேன்."

டாக்டர் வீட்டம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை நிமிர்ந்தே நின்றவர் அப்படி மடங்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஆரம்பத்துலயே பெயின்டைச் சுரண்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

பெட்டியக்கா தலைகுனிந்து நின்றாள்.

"அவர்தான் சுரண்ட வேண்டாம்னு சொன்னாரா?"

"விடுங்கம்மா. ஆஸ்பத்திரியில கிடக்கிறவரைப் பத்தி இப்ப என்ன பேச்சு."

"சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார்."

அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது அதில் வேறு ஒரு பயம் இருந்தது. "இதே மாதிரி மொத்தம் எத்தனை செஞ்சீங்க?"

பெட்டியக்காவின் தலையில் இடி இறங்கியது அப்போதுதான். மூன்று நாளாக அவள் ஒரே ஒரு பெட்டியைப் பற்றித்தான் நினைத்து அழுதிருந்தாள்.

"பதினொண்ணு" என்றாள்.

*

வாங்கியவர்களின் விலாசமும் தொலைபேசி எண்ணும் ஒரு பள்ளி நோட்டில் இருந்தன. நாத்தனார் அன்று லீவு போட்டுவிட்டு வந்து தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியக்கா பேசினால் இரண்டாம் வாக்கியத்திலேயே குரல் உடைந்தது. எதிரில் இருப்பவர்கள் சாவுச் செய்தியோ என்று பதறினார்கள். அதனால் நாத்தனாரே பேசினாள், ஆஸ்பத்திரிக் குரலில்.

"வணக்கம். பதட்டப்பட வேண்டாம். ஆனா நான் சொல்றதை நின்னு கேளுங்க. உங்க வண்டியில இருக்கிற பேட்டரிப் பெட்டியை இப்போதைக்குத் தொட வேண்டாம். சார்ஜ் போட்டிருந்தா பிளக்கைச் சுவத்துல இருந்து பிடுங்குங்க, பெட்டிப் பக்கம் போகாதீங்க."

ஒருவர் நம்பாமல் சிரித்தார். டாக்டரின் கண்ணைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒருவர், துளை போட்டால் மழைத்தண்ணீர் போகுமே என்று வாதாடினார். "தண்ணி போனா துடைச்சுக்கலாம் சார், மூஞ்சி போனா?" என்றாள் நாத்தனார்.

ஆறாவதாகப் பேசியவர் ஒரு கிழட்டு மெக்கானிக். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். "வாங்கின அன்னைக்கே நான் துளை போட்டுட்டேன்."

பெட்டியக்கா தொலைபேசியைப் பிடுங்கினாள். "உங்களுக்குத் தெரியுமா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்."

"மறந்துட்டேன்னு நினைச்சா சொல்ல வேண்டாமா?"

"அவ்வளவு நல்லா செஞ்சிருந்தே. அதுல போய்க் குத்தம் சொல்ல மனசு வரல."

அவள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஆள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மரியாதைக்காக அதை விழுங்கியிருக்கிறார். அவளுக்கு ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லை. பேயறைந்தவள் மாதிரி துணிக்கொடியைப் பிடித்தபடி நின்றாள்.

சாயங்காலத்துக்குள் எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். ஒன்பதாம் எண் பெட்டி ஒரு பேக்கரிக்காரரிடம் இருந்தது. அவர் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுநாள் காலையில் கடை எண்ணுக்கு அழைத்தபோது அங்கே வேலை செய்யும் பெண் எடுத்தாள். "முதலாளி லாரியை எடுத்துக்கிட்டுப் பொருட்காட்சிக்குப் போயிருக்கார். ஜனங்களை ஏத்தி மைதானத்தைச் சுத்திக் காட்டுவார். வண்டியில இருந்தா போனை எடுக்க மாட்டார்."

சீட்டுக்காரர் ஏற்கெனவே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டார். ஒன்றரை மணி நேரப் பயணம். அவள் கை அவர் தோளில் இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தின் ஓரத்தில் லாரி நின்றது. சத்தியமாக அழகான வண்டி. பச்சை நிறம் வெயிலில் மின்ன, பக்கவாட்டில் அவள் செய்த பெட்டி. முன்னால் நீள வரிசை. ஒவ்வொருவராக அந்த மூடியின் மேல் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கைபிடித்து ஏற்றிவிட்டார்கள். அவளும் அந்த மூடியில்தான் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினாள்.

பெட்டியக்கா ஓடினாள். "இறங்குங்க! எல்லாரும் அந்தப் பக்கமா இறங்குங்க! மூடியில மிதிக்காதீங்க!"

பேக்கரிக்காரர் டிரைவர் இருக்கையிலிருந்து தலையை நீட்டினார். பெரிய மீசை, கோபமான கண்கள். "யாரும்மா நீ? எதுக்குக் கத்துறே?"

"நான்தாங்க பெட்டியக்கா. இந்தப் பெட்டியைச் செஞ்சவ."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களா! இதைப் பார்த்து எத்தனை பேர் புகழ்றாங்க தெரியுமா? வாங்க, வாங்க, மேலே ஏறுங்க!"

"ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன், எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வாங்க. இது வெடிச்சு ஒருத்தருக்குக் கண்ணு போயிடுச்சு."

அவர் சிரித்த முகத்தோடேயே உறைந்து போனார். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது. எஞ்சினை நிறுத்தினார். வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே பின்னால் நகர்ந்தார்கள். அரை மணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு பெட்டியக்கா வெறுங்கையோடு போய், இரும்பு எதையும் இரும்பின் மேல் உரசவிடாமல் கொக்கியைக் கழற்றி மூடியை நிமிர்த்தினாள். உள்ளிருந்து மூக்கைக் குத்தும் புளித்த வாடை வந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. காற்று வீசியது. எங்கோ ஒலிபெருக்கியில் காணாமல் போன பர்ஸைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

பேக்கரிக்காரர் தரையில் குந்தி இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். "மூணு நாளா ஓட்டுறேன்" என்றார். "நேத்து மட்டும் எத்தனை பேர் ஏறினாங்கன்னு எண்ணவே இல்லைங்க."

மிச்சப் பத்துப் பெட்டிகளில் ஒன்பது இப்படிக் கணக்கில் வந்துவிட்டன. ஏழாம் எண் மட்டும் அகப்படவில்லை. அதை வாங்கியவர் போன வருடம் இறந்துவிட்டார். மகன் லாரியை ஒரு தரகரிடம் தள்ளிவிட்டான். தரகர் யாருக்கோ விற்றிருந்தார். அந்த யாரோ வேறு யாருக்கோ. நாத்தனார் இரண்டு வாரம் துரத்தினாள். தடம் ஓர் எல்லைப்புற ஊரில் அறுந்துபோனது.

*

பத்தாம் நாள் டாக்டரைப் பார்க்க அனுமதித்தார்கள். பெட்டியக்கா வாசல் வரை போய்த் திரும்பினாள், மறுபடி போனாள். நாத்தனார் பின்னாலிருந்து முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள்.

கட்டிலில் டாக்டர் சாய்ந்திருந்தார். ஒரு கண்ணின் மேல் கட்டு. நெற்றியில் தையல். கன்னம் தோலுரிந்து சிவந்திருந்தது. பக்கத்தில் வீட்டம்மா பழைய விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர்" என்றாள்.

அவர் ஒற்றைக் கண்ணால் அவளைத் தேடிப் பிடித்தார். "பெட்டியக்கா! கீலைப் பார்த்தீங்களா?"

"என்னது?"

"அவ்வளவு பெரிய வெடி. மூடி பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. ஆனா கீல் உடையல. திருகுதான் பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. என்னமா சுருட்டியிருக்கீங்க அதை!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவள் அவள். "என்ன மனுஷன் டாக்டர் நீங்க?" என்று கத்திவிட்டாள். "கண்ணு போயிடுச்சு. அந்தப் பெட்டியில துளை இருந்திருக்கு, யாரோ அடைச்சிருக்காங்க, எனக்குத் தெரியல, நான் அப்படியே செஞ்சு குடுத்துட்டேன். நீங்க என்னடான்னா கீலைப் பத்திப் பேசுறீங்க!"

டாக்டர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"துளை இருக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

விடைத்தாள் திருத்தும் பேனா நின்றது.

"அந்த வண்டியோட பழைய கையேடு என்கிட்ட இருக்கு. அதுல படம் போட்டிருக்கு. ஆறு துளை. ஆனா என் பெட்டியில இல்லையே. பெயின்டும் அசலா இருந்துச்சு. அப்ப இது தனி ரகம், சில வண்டிக்கு மட்டும் இப்படிச் செஞ்சிருக்காங்கன்னு நினைச்சேன். அபூர்வம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதனாலதான் அத்தனை பேரும் உங்களைத் தேடி வந்தாங்க."

"என்கிட்ட அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாமே டாக்டர்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"காட்டியிருந்தா நீங்க துளை போட்டிருப்பீங்க."

டாக்டர் வீட்டம்மா பேனாவை மூடினார். விடைத்தாள்களை ஓரம் ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். எழுந்தார். கணவரின் கண் கட்டு நகர்ந்திருந்ததைச் சரிசெய்தார். பிறகு பெட்டியக்காவின் கையைப் பிடித்து அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள்.

"உங்களைத் திட்டத்தான் முதல் நாள் அந்த மூடியைத் தூக்கிட்டு வந்தேன்" என்றார் அந்த அம்மா.

"தெரியும்மா."

"இருபத்தேழு வருஷமா இந்த மனுஷனோட இருக்கேன்." பிறகு எழுந்தார். போகும்போது, "கையேட்டை நாளைக்கே அனுப்பி வைக்கிறேன். உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

டாக்டரின் இடது கண் திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணோடு ஆழம் பிடிபடாததால் பல் வைத்தியத்தையும் விட்டுவிட்டார். லாரி கொட்டகையிலேயே கிடந்தது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் பட்டறைக்கு வந்து, பெட்டியக்காவின் முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுடுங்க" என்றார். அவள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தாள், அவர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஆறு மாதத்தில் அவள் சுத்தியலைத் தொட்டது குறைவு. தகடு கீழே விழும் சத்தம் கேட்டால் துள்ளி விழுந்தாள். சீட்டுக்காரர் அவளுக்காக ரப்பர் விரிப்பு தைத்துத் தரை முழுக்கப் போட்டுவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலைக்குத் திரும்பினாள். யார் எந்த மாதிரியைக் கொண்டுவந்தாலும், பெயின்டைச் சுரண்ட விட்டால் செய்கிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

மூன்று வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அறிமுகமில்லாத ஒரு குரல் தொலைபேசியில் வந்தது. வெகுதூரத்து ஊர். இளவட்டக் குரல், ரொம்ப உற்சாகம்.

"பழைய ராணுவ லாரிக்கு பேட்டரிப் பெட்டி செய்வீங்களாமே? என்கிட்ட ஒரு வண்டி இருக்கும்மா. அதுல இருக்கிற பெட்டி ரொம்ப அபூர்வமான ரகம். துளையே இல்லாதது. அந்த மூடிக்கு ஒரு கொக்கி மட்டும் வேணும்."

பெட்டியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, வண்டி ஓடுதா இப்ப?"

"இல்லம்மா, நின்னு ஒரு மாசம் ஆச்சு. பேட்டரியைக் கழட்டி வச்சிருக்கேன்."

"பெட்டி உள்ளே அடித்தட்டுல ஒரு எண்ணு இருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க."

காலடிச் சத்தம் போனது, வந்தது. "ஆமாம்மா! ஏழுன்னு இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அடைத்த துளைகளை, ஈயத்தை, டாக்டரின் கண்ணை, மைதானத்து வரிசையை. அவன் கேட்டான்:

"அப்ப... இது அசல் இல்லையாம்மா?"

இத்தனையும் கேட்டபின் அவனுக்கு அதுதான் அதிர்ச்சி. அவள் கோபப்படாமல் மெதுவாகச் சொன்னாள்.

"இல்லப்பா. அசல்ல ஆறு துளை இருக்கும். வீட்டுல டிரில் மெஷின் இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. அளவு நான் சொல்றேன். வேலை முடியிற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு போய் எடுத்து வந்தான். அவள் கையேட்டை மடியில் விரித்து அளவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொலைபேசிக்குள் டிரில் மெஷின் இரும்பைக் கடிக்கும் கிறீச்சிடல் கேட்டது. ஒன்று. இரண்டு. சீட்டுக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஐந்து. ஆறு.

"அம்மா" என்றான் அவன், குரல் தொங்கிப்போய். "கடைசித் துளை கொஞ்சம் கோணலா விழுந்துடுச்சு."

"விழட்டும்பா" என்றாள் பெட்டியக்கா. "விழட்டும்."